ஒரு கிளிக்குக்கு எத்தனை நடை? பிச்சாவரம் லிங்க்கின் வரவு செலவு

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் பரப்பு 1,478.64 ஹெக்டேர். 2022 ஏப்ரல் 8ஆம் தேதியிட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியபோது பதிவான அளவு அது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவே கிளைகிளையாகப் பிரியும் உப்பங்கழி. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கிள்ளையைத் தாண்டினால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம்.

காட்டைப் பற்றிய இந்தக் கணக்குகள் எல்லாருக்கும் கிடைக்கின்றன. காட்டைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு கணக்கு எழுதப்படுகிறது. அது எல்லார் கண்ணிலும் படுவதில்லை. சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் ஒருவர் போனில் ‘பிச்சாவரம் படகு’ என்று தேடுகிறார். வந்த லிங்க்குகளில் ஒன்றைத் தொடுகிறார். எந்தப் பக்கத்தில் இருந்தபடி, எந்த லிங்க்கை, எத்தனை மணிக்குத் தொட்டார் என்பது எங்கோ ஒரு சர்வரில் ஒரு வரியாக ஏறிவிடலாம்.

அந்த வரியை எழுத முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் செலவு உண்டு, அதில் பெரும்பங்கைச் சுமப்பவர் லிங்க்கைத் தொட்டவர். எந்த வழியில் எவ்வளவு என்று பைசாவிலும் நொடியிலும் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளிக்கை எண்ணத்தான் வேண்டும் என்றால், வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லில் இருக்கும் ‘பிங்’ என்ற சின்னப் பண்புதான் மலிவானது, மறைக்காமல் எண்ணுவதும் அதுதான். ஆனால் அதை அணைக்கும் சுவிட்ச் வாசகரின் கையில் இருக்க வேண்டும். இன்றைக்கு நம்மில் பெரும்பாலானோர் கையில் அது இல்லை.

மூன்று வழிகள்

முதலாவது சுற்றுவழி. படகு இல்லத்தின் பக்கத்துக்குப் போகும் லிங்க் நேரே அங்கே போகாது. முதலில் எண்ணுபவரின் சர்வருக்குப் போகும். அங்கே பதிவு விழுந்தபின் ‘இனி அங்கே போ’ என்று 302 என்ற எண்ணோடு பதில் வரும். அதற்குப் பிறகே பிரவுசர் உண்மையான பக்கத்தைக் கேட்கும். லிங்க் சுருக்கும் சேவைகள் எல்லாம் இப்படித்தான் இயங்குகின்றன. 2010 முதல் ட்விட்டர் தன்னில் பதியும் லிங்க்குகளைத் தன் சொந்தச் சுருக்க முகவரியால் பொதிந்து அனுப்பியதும் இந்த வழியில்தான்.

இரண்டாவது ஸ்கிரிப்ட். பக்கத்தோடு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றும் இறங்கும். கிளிக் விழும்போது அது சர்வருக்குச் செய்தி அனுப்பும். இதற்கென்றே ‘பீக்கன்’ என்ற வசதியைப் பிரவுசர்கள் தருகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் 31, குரோம் 39, சஃபாரி 11.1 பதிப்புகளிலிருந்து அது இருக்கிறது.

மூன்றாவது பிங். லிங்க் நேரே படகு இல்லத்துக்கே போகும். அதே லிங்க்கில் ‘பிங்’ என்ற பண்பில் எண்ணுபவரின் முகவரியை எழுதி வைக்கலாம். கிளிக் விழுந்ததும் பிரவுசர் பக்கத்தைத் திறக்கும் வேலையில் இறங்கும். அதற்குப் பக்கவாட்டில் அந்த முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கையையும் அனுப்பிவிடும். கோரிக்கையின் உடலில் இருப்பது ஆங்கிலத்தில் ‘பிங்’ என்ற நான்கு எழுத்து, அதாவது 4 பைட். தலைப்பு வரிகளில் ‘பிங்-டு’ என்று போகும் இடமும், சில நேரங்களில் ‘பிங்-ஃப்ரம்’ என்று புறப்பட்ட இடமும் இருக்கும். சர்வர் என்ன பதில் தந்தாலும் பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது. ஒரே பண்பில் இடைவெளி விட்டுப் பல முகவரிகளை எழுதலாம், எழுதினால் ஒரு கிளிக்குக்கு அத்தனை பிங் போகும்.

படகுத்துறையை வைத்துச் சொன்னால், சுற்றுவழி என்பது ஒவ்வொரு படகையும் எதிர்க்கரைக்கு இழுத்துப் பெயர் எழுதிவிட்டு அனுப்புவது. பிங் என்பது கரையில் நின்றபடி போகிற படகை எண்ணுவது.

கணக்கின் அடிப்படை

கணக்குப் போட எடுத்துக்காட்டாக ஒரு தளத்தை வைத்துக்கொள்வோம். சிதம்பரத்தில் ஒரு சிறிய விடுதி. அதன் தளத்தில் பிச்சாவரம் பற்றி ஒரு பக்கம், அதில் 8 வெளி லிங்க்குகள்: படகு, ரயில், பேருந்து, வரைபடம், இப்படி. விடுதிக்காரர் அறிய விரும்புவது ஒன்றே ஒன்று: எந்த லிங்க்கை எத்தனை பேர் தொடுகிறார்கள்?

கீழே உள்ளவை நான் வைத்துக்கொண்ட அளவுகள். உங்கள் தளத்துக்கு ஏற்ற எண்களைப் போட்டு மறுபடி கணக்கிடலாம்.

- பக்கம் திறக்கப்படுவது: நாளுக்கு 5,000 முறை
- வெளி லிங்க் கிளிக்: நாளுக்கு 1,000, ஆண்டுக்கு 3,65,000
- டேட்டா விலை: 1 ஜிபிக்கு 10 ரூபாய்
- போனிலிருந்து சென்னை சர்வருக்கு ஒரு நடை போய்வர: 50 மில்லிநொடி
- புதிய சர்வரோடு பாதுகாப்பான இணைப்பைத் திறந்து ஒரு சிறு கோரிக்கை அனுப்ப: 6 கேபி
- திறந்திருக்கும் இணைப்பிலேயே அனுப்ப: 1 கேபி

தூரத்தின் செலவையும் சேர்க்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16, ஆக 32 மில்லிநொடி. அமெரிக்காவுக்கு நேர்க்கோட்டிலேயே 14,000 கிலோமீட்டர் என்று கொண்டால் போய்வர 140 மில்லிநொடி. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, ஆகவே இவை குறைந்தபட்ச அளவுகள். போனிலிருந்து சென்னை வரைக்குமான 50ஐயும் கூட்டினால் ஒரு நடைக்குச் சிங்கப்பூர் 82, அமெரிக்கா 190 மில்லிநொடி.

பற்று 1: நேரம்

சுற்றுவழியில் எண்ணுபவரின் சர்வர் பிரவுசருக்குப் புதிது என்றால், பதில் கைக்கு வர நான்கு நடை ஆகும். சர்வரின் பெயரைக் கொடுத்து எண் முகவரியைக் கேட்டு வாங்க ஒன்று. இணைப்பைத் தொடங்க ஒன்று. இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்க ஒன்று (டிஎல்எஸ் 1.3க்கு ஒன்று போதும், பழைய 1.2 என்றால் இரண்டு). கோரிக்கை போய்ப் பதில் வர ஒன்று. பெயர் கேட்கும் முதல் நடை மட்டும் அருகிலேயே முடியும், அதற்கு 50 மில்லிநொடி. மற்ற மூன்றும் சர்வர் இருக்கும் ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும்.

ஒரு கிளிக்குக்கு வாசகர் கூடுதலாகக் காத்திருக்கும் நேரம்:

- சர்வர் சென்னையில்: 50 + 150 = 200 மில்லிநொடி
- சர்வர் சிங்கப்பூரில்: 50 + 246 = 296 மில்லிநொடி
- சர்வர் அமெரிக்காவில்: 50 + 570 = 620 மில்லிநொடி

ஒரு கிளிக்குக்கு அரை நொடி பெரிதாகத் தெரியாது. கூட்டிப் பார்த்தால் தெரியும். நாளுக்கு 1,000 கிளிக் என்றால் ஓர் ஆண்டில் வாசகர்கள் காத்திருக்கும் மொத்த நேரம் சென்னைக்கு 20 மணி, சிங்கப்பூருக்கு 30 மணி, அமெரிக்காவுக்குக் கிட்டத்தட்ட 63 மணி. ஒரு சுற்றுவழிக்குள் இன்னொன்று இருந்தால், அதாவது சுருக்கிய லிங்க் விளம்பர நிறுவனத்தின் லிங்க்கைத் திறக்க, அது மெய்யான பக்கத்தைத் திறந்தால், இந்த எண்கள் இரட்டிக்கும். அமெரிக்காவுக்கு 126 மணி.

இது நல்ல சிக்னலில் போட்ட கணக்கு. சிக்னல் மெலிந்து சென்னைக்கே ஒரு நடைக்கு 300 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். அப்போது சென்னைச் சுற்றுவழி 1,200 மில்லிநொடி, அமெரிக்கச் சுற்றுவழி 1,620 மில்லிநொடி. நகரத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தத் தாமதம் கண்ணில் படாது. உப்பங்கழி ஓரத்தில் நின்று கடைசிப் படகு எப்போது என்று பார்ப்பவர்தான் அதைத் தாங்குகிறார்.

சொந்த சர்வரிலேயே சுற்றுவழி வைத்தால் செலவு குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். இணைப்பு முன்பே திறந்திருப்பதால் ஒரே நடை, 50 மில்லிநொடி. ஆண்டுக்கு 5 மணி. பிங்குக்கும் பீக்கனுக்கும் இந்தப் பற்றே இல்லை. செய்தி பக்கவாட்டில் போவதால் வாசகர் அதற்காகக் காத்திருப்பதில்லை.

சுற்றுவழியில் இன்னொரு நேரக் கணக்கும் மறைந்திருக்கிறது. நடுவில் இருப்பவர் நினைத்தால் வேண்டுமென்றே தாமதப்படுத்தலாம். 2023 ஆகஸ்டில் எக்ஸ் (முந்தைய ட்விட்டர்) தளத்தின் சுருக்க முகவரி வழியாகப் போன சில செய்தித்தள லிங்க்குகள், நியூயார்க் டைம்ஸ், ராய்ட்டர்ஸ் உட்பட, சுமார் 5 நொடி தாமதமாகத் திறந்தன என்று வாஷிங்டன் போஸ்ட் செய்தி வெளியிட்டது. அதன் பிறகே தாமதம் நீங்கியது. 1,000 கிளிக்குக்கு 5 நொடி என்றால் 83 நிமிடம். கிளிக்கை எண்ண வைத்த வாசல் கிளிக்கைத் தடுக்கும் வாசலாகவும் ஆகக்கூடும் என்பதற்கு அது நடந்த சாட்சி.

பற்று 2: டேட்டா

இந்தப் பற்றில் பிங்குக்கும் சுற்றுவழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெளி சர்வர் ஒன்றுக்கு அனுப்பினால் இரண்டுக்கும் கிளிக்குக்கு 6 கேபி. ஆண்டுக்கு 2.19 ஜிபி. அத்தனை வாசகர்களுக்கும் சேர்த்து 21 ரூபாய் 90 காசு. சொந்த சர்வருக்கு அனுப்பினால் ஆண்டுக்கு 0.365 ஜிபி, 3 ரூபாய் 65 காசு.

பிங் பண்பைப் பக்கத்தில் எழுதவும் இடம் வேண்டும். முகவரியைச் சுருக்கமாக வைத்தால் ஒரு லிங்க்குக்கு 10 பைட் போதும். 8 லிங்க்குக்கு 80 பைட். நாளுக்கு 5,000 முறை பக்கம் இறங்கினால் 0.4 எம்பி, ஆண்டுக்கு 146 எம்பி, 1 ரூபாய் 46 காசு. சொந்த சர்வர் பிங்கின் மொத்தச் செலவு ஆண்டுக்கு 5 ரூபாய் 11 காசு.

ஸ்கிரிப்டுக்கு வந்தால் கணக்கு ஏறுகிறது. எண்ணுவதற்கென்று இறங்கும் ஸ்கிரிப்ட் வெறும் 50 கேபி என்று வைத்துக்கொள்வோம். லிங்க்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் பக்கத்தைத் திறந்தவர் எல்லாரும் அதை இறக்க வேண்டும். நாளுக்கு 250 எம்பி, ஆண்டுக்கு 91.25 ஜிபி, 912 ரூபாய் 50 காசு. வெளி சர்வருக்கு அனுப்பும் பிங்கைப் போல இது கிட்டத்தட்ட 42 மடங்கு. திரும்ப வருபவர்களின் பிரவுசர் ஸ்கிரிப்டைச் சேமித்து வைத்திருக்கும் என்று பாதியைக் கழித்தாலும் 21 மடங்கு. 1,000 கிளிக்கை எண்ண 5,000 பேரை ஒரு நிரலைச் சுமக்க வைப்பது நியாயமான கணக்கு ஆகாது.

பற்று 3: லிங்க்கின் ஆயுள்

நடுவில் இருக்கும் சர்வர் நின்றால் சுற்றுவழி லிங்க்கும் செத்துவிடும். கூகுளின் லிங்க் சுருக்கும் சேவை 2009 டிசம்பரில் தொடங்கியது. 2019 மார்ச் 30க்குப் பிறகு புதிய லிங்க் தருவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 25 முதல் பழைய லிங்க்குகளும் வேலை செய்யாது என்று 2024 ஜூலையில் அறிவிப்பு வந்தது. கடைசி நேரத்தில் கூகுள் அந்த முடிவைத் தளர்த்தி, 2024 இறுதியில் யாரும் தொடாத லிங்க்குகளை மட்டும் நிறுத்துவதாகச் சொன்னது. யாரும் தொடாத லிங்க் என்றால் உலகத்துக்குத் தேவையற்றது என்று பொருளில்லை. ஓர் ஆய்வறிக்கையின் அடிக்குறிப்பிலோ, அலையாத்திச் செடிகள் பற்றிய பள்ளிக் கையேட்டிலோ அச்சாகி, எப்போதாவது ஒருவர் தேடி வருவதற்காகக் காத்திருக்கும் லிங்க்காக அது இருக்கலாம்.

பிங்கில் இந்த ஆபத்து இல்லை. எண்ணும் சர்வர் நின்றுபோனால் எண்ணிக்கைதான் நிற்கும், லிங்க் அதன் பாட்டுக்கு வேலை செய்யும். என் கணக்கில் பிங்கின் மிகப் பெரிய வரவு இதுதான்.

பிரவுசர்களின் பேரேடு

இத்தனை வரவு இருந்தும் பிங் ஏன் சண்டைக்குரிய பொருளானது என்பதற்குப் பிரவுசர்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

ஆப்பிள், மோசில்லா, ஓபரா சேர்ந்து 2004இல் அமைத்த டபிள்யூ.எச்.ஏ.டி.டபிள்யூ.ஜி. குழு எழுதிய எச்.டி.எம்.எல். வரையறையில் பிங் இடம்பெற்றது. 2006 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸின் வளர்ச்சிப் பதிப்பில் அதைச் சேர்த்திருப்பதாக அதில் பணியாற்றிய நிரலாளர் டேரின் ஃபிஷர் அறிவித்தார். வாசகரை உளவு பார்க்கும் கருவி என்று உடனே எதிர்ப்பு கிளம்பியது. சுற்றுவழி பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைதான் அது. ஆனால் சுற்றுவழிக்குப் பெயரில்லை, பிங்குக்குப் பெயர் இருந்தது. பெயருள்ளதன் மேல்தான் கோபம் இறங்கியது.

இன்றைய நிலை இது:

- ஃபயர்ஃபாக்ஸ்: வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டுள்ளது. அமைப்புப் பக்கத்தில் இயக்கினாலும் ஒரு லிங்க்குக்கு ஒரு பிங் என்பதே இயல்பான வரம்பு.
- குரோம்: 2010களின் தொடக்கத்திலிருந்து அனுப்புகிறது. அணைக்கும் சோதனைச் சுவிட்ச் ஒன்று இருந்தது, 2019இல் 74ஆம் பதிப்பை ஒட்டி அது எடுக்கப்பட்டது.
- சஃபாரி: இதுவும் அனுப்புகிறது. மறைவாக இருந்த அணைப்பு வழி 2019இல் 12.1ஆம் பதிப்போடு போயிற்று.
- எட்ஜ்: 2018இல் 17ஆம் பதிப்பிலிருந்து. 2020 முதல் குரோமின் அடித்தளத்திலேயே ஓடுகிறது.
- பிரேவ்: குரோமின் அடித்தளம்தான், ஆனாலும் இதை அணைத்து வைத்திருக்கிறது.
- இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்: கடைசிவரை ஆதரிக்கவில்லை. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கு விடை கொடுத்தது.

ஐபோனில் எந்த பிரவுசரை வைத்தாலும் இந்தியாவில் உள்ளே ஓடும் எஞ்சின் ஆப்பிளின் வெப்கிட்தான். ஆகவே அங்கே பெயர் ஃபயர்ஃபாக்ஸ் என்று இருப்பதால் மட்டும் நிலை மாறிவிடாது.

வெப்கிட் குழு 2019 ஏப்ரலில் தன் தரப்பைச் சொன்னது. பிங்கை அணைத்தால் தளங்கள் எண்ணுவதை நிறுத்தாது, சுற்றுவழிக்கும் ஸ்கிரிப்டுக்கும் போகும், வாசகருக்குத் தாமதம்தான் மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். மேலே போட்ட 20 மணி, 63 மணிக் கணக்கு அந்த வாதத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. கூகுள் தேடலையே பாருங்கள். குரோமில் தேடல் முடிவுகளில் பிங் பண்பு இருந்துவந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அதே வேலைக்குச் சுற்றுவழி. லிங்க்கின் மேல் சுட்டியை வைத்தால் உண்மை முகவரியைக் காட்டிவிட்டு, அழுத்தும் நொடியில் முகவரியை மாற்றும் தந்திரமும் பல ஆண்டுகள் அந்தத் தேடலில் இருந்தது.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு பாதி விடுபட்டுப்போகிறது. எச்.டி.எம்.எல். வரையறை பிங்குக்கு நான்கு நன்மைகளைப் பட்டியலிடுகிறது. போகும் முகவரி மறையாமல் தெரியும். செய்தி போவதைப் பிரவுசர் வாசகருக்குத் தெரிவிக்க முடியும். லிங்க் கெடாமல் செய்தியை மட்டும் அணைக்க முடியும். பக்கம் வேகமாகத் திறக்கும். நான்கில் முதலாவதும் கடைசியும் நமக்குக் கிடைத்துவிட்டன. நடுவில் உள்ள இரண்டும் பிரவுசர் தயாரிப்பவர் மனம் வைத்தால்தான் கிடைக்கும். வாசகர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள பிரவுசர் இடம் தர வேண்டும் என்றும் அதே வரையறை சொல்கிறது. குரோமும் சஃபாரியும் 2019இல் செய்தது அதற்கு நேர் எதிர்.

கணினியில் குரோம் வைத்திருப்பவர் ஒரு நீட்சியை நிறுவி அணைத்துக்கொள்ளலாம், நீட்சிகள் பிங்கை நிறுத்த குரோமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போனில் உள்ள குரோமில் நீட்சியே போட முடியாது. நம் நாட்டில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட இணைய வருகைகள் குரோம் வழியாக நடக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பங்கு போனில். பிச்சாவரம் படகு நேரத்தைப் போனில் தேடுகிறவருக்கு இந்த விஷயத்தில் தேர்வு என்று ஒன்றும் இல்லை.

தாக்குதல் கணக்கு

பிங்கைத் தவறாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இம்பெர்வா என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019 ஏப்ரலில் ஒரு தாக்குதலின் கணக்கை வெளியிட்டது. சுமார் 4 மணி நேரத்தில் 7 கோடி பிங் கோரிக்கைகள். உச்சத்தில் நொடிக்கு 7,500. வந்தவை சுமார் 4,000 இணைய முகவரிகளிலிருந்து, பெரும்பகுதி சீனாவில் இருந்த போன் பயனாளர்கள்.

வகுத்துப் பார்ப்போம். 7 கோடியை 4,000ஆல் வகுத்தால் ஒரு முகவரிக்கு 17,500. 4 மணி நேரம் என்பது 14,400 நொடி. ஆக ஒரு முகவரிக்கு நொடிக்கு 1.2 பிங். எந்த மனிதரும் நான்கு மணி நேரம் நொடிக்கு ஒரு லிங்க்கைத் தொட்டுக்கொண்டிருக்க மாட்டார். பக்கத்தில் ஒளித்து வைத்த ஸ்கிரிப்ட் நொடிக்கு ஒரு முறை பிங் உள்ள லிங்க்கை உருவாக்கித் தானே கிளிக் செய்தது. போனின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. கோரிக்கை உடலின் 4 பைட்டை மட்டும் கூட்டினாலே 280 எம்பி. தலைப்பு வரிகளுக்குத் தலா 700 பைட் என்று வைத்தால் 49 ஜிபி. அத்தனையும் அந்தப் பயனாளர்களின் டேட்டாவிலிருந்து போனது.

எண்ணும் வசதியைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்தால் யாருடைய செலவில் யார் என்ன செய்கிறார் என்பதும் தெரியாமல் போகும். ஒரு லிங்க்குக்கு ஒரு பிங் என்ற ஃபயர்ஃபாக்ஸின் வரம்பைப் போல, மனிதர் தொடாத கிளிக்குக்குப் பிங் இல்லை என்ற விதியும் இருந்திருந்தால் 7 கோடி என்ற எண்ணே வந்திருக்காது.

எண்ணிக்கையில் விழும் துண்டு

பிங்கை நம்பி எண்ணினால் எல்லாக் கிளிக்கும் கணக்கில் வராது. 1,000 உண்மைக் கிளிக்கில் 920 பிங் அனுப்பும் பிரவுசர்களிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டில் 920 என்றுதான் விழும், 80 துண்டு. பக்கத்தைத் திறந்தவர்களில் எத்தனை பேர் ஃபயர்ஃபாக்ஸ் என்று சர்வர் பதிவிலிருந்து பார்த்து ஓரளவு திருத்தலாம். பிரேவ் தன்னைக் குரோம் என்றே சொல்லிக்கொள்வதால் முழுதும் திருத்த முடியாது.

விடுதிக்காரருக்கு அந்த 80 தேவையா என்பதே கேள்வி. ரயில் லிங்க்கை 410 பேரும் பேருந்து லிங்க்கை 90 பேரும் தொடுகிறார்கள் என்றால், இரண்டிலும் நூற்றுக்கு எட்டு குறைந்தாலும் முடிவு மாறாது. ரயில் நேரத்தைப் பக்கத்தின் மேலே வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் விடாமல் எண்ண வேண்டும் என்ற பிடிவாதம் விளம்பரத்துக்குக் கிளிக்குக்கு இத்தனை என்று பணம் வாங்குபவருக்கு இருக்கலாம். படகுக்கு வழி சொல்லும் பக்கத்துக்கு அது வேண்டியதில்லை. அந்த 80 பேரும் தங்களை எண்ண வேண்டாம் என்று சொல்லும் பிரவுசரில் இருக்கிறார்கள். அதை மதிப்பதும் கணக்கில் ஒரு வரவுதான்.

சேமித்து வைக்கும் அளவையும் பார்க்கலாம். ஒரு கிளிக்குக்கு 200 பைட் பதிவு என்றால் ஆண்டுக்கு 3,65,000 வரி, 73 எம்பி. ஒவ்வொரு வரியிலும் இணைய முகவரி, நேரம், போனின் வகை, குக்கீ வந்தால் அதுவும் இருக்கும். நாள் முடிவில் லிங்க் வாரியாகக் கூட்டிக்கொண்டு வரிகளை அழித்துவிட்டால் மிஞ்சுவது 8 லிங்க் பெருக்கல் 365 நாள், அதாவது 2,920 எண்கள். விடுதிக்காரரின் கேள்விக்கு அந்த 2,920 எண்ணே முழுப் பதில். மீதியை வைத்திருப்பதால் அவருக்குப் பயன் ஒன்றுமில்லை, பொறுப்புதான் கூடும்.

சட்டத்தின் பற்று

அந்தப் பொறுப்புக்கு இன்று தொகையும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கையாக வந்தன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்வதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் அதன் 9ஆம் பிரிவு தடுக்கிறது. அதை மீறினால் 200 கோடி வரை.

பிச்சாவரம் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வரும் இடம். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தைப் பற்றிக் கட்டுரை எழுத அவர்கள் இணையத்தில் தேடுவார்கள். லிங்க்கைத் தொட்டது பதினான்கு வயதுப் பிள்ளையா, நாற்பது வயதுக்காரரா என்று பிங்குக்குத் தெரியாது. ஆகவே ஆளை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்காமல் எண்ணுவதே பாதுகாப்பான வழி. குக்கீ வேண்டாம், முகவரி வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

ஐந்தொகை

நாளுக்கு 1,000 கிளிக், ஓர் ஆண்டுக்கு, எல்லா வாசகர்களுக்கும் சேர்த்து:

- அமெரிக்கச் சர்வர் வழியாகச் சுற்றுவழி: 63 மணி நேரம், 21 ரூபாய் 90 காசு. நடுவில் உள்ள சர்வர் நின்றால் லிங்க் சாகும்.
- சென்னைச் சர்வர் வழியாகச் சுற்றுவழி: 20 மணி நேரம், 21 ரூபாய் 90 காசு. அதே ஆபத்து.
- 50 கேபி ஸ்கிரிப்ட்: கிளிக்குக்குக் காத்திருப்பு இல்லை. ஸ்கிரிப்டுக்கு மட்டும் 912 ரூபாய் 50 காசு.
- சொந்த சர்வருக்குப் பிங்: காத்திருப்பு இல்லை. 5 ரூபாய் 11 காசு. எண்ணிக்கையில் சிறு துண்டு விழும்.
- எண்ணாமலே விடுவது: எல்லாம் பூஜ்யம்.

கடைசி வரியையும் ஒரு தேர்வாகவே எழுதியிருக்கிறேன். பெரும்பாலான சிறு தளங்களுக்கு அதுவே போதும்.

எண்ணித்தான் ஆக வேண்டும் என்கிற தளக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: லிங்க்கைத் திருப்பாதீர்கள். சொந்த சர்வருக்குப் பிங் வையுங்கள், அதில் குக்கீயைச் சேர்க்காதீர்கள், நாள்தோறும் கூட்டிவிட்டு வரிகளை அழியுங்கள். எண்ணுகிறோம் என்று பக்கத்தின் அடியில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பிரவுசர் செய்பவர்களுக்கு ஒன்று: 2019இல் எடுத்த சுவிட்சைத் திருப்பிக் கொடுங்கள், முக்கியமாகப் போனில். வாசகர்களுக்கு ஒன்று: எண்ணப்படுவதில் விருப்பம் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்ஃபாக்ஸோ பிரேவோ நிறுவுங்கள். சுருக்கிய லிங்க்கை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், உண்மை முகவரியையே அனுப்புங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.